பதக்கப் பட்டியலும் பாடசாலை மைதானமும்

(பழைய மாணவரும் சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைத் தமிழாசிரியருமாகிய ஒருவர் எழுதியது)

நமது கல்லூரியில் யான் விடுதி மாணவனாய்ப் பயின்ற காலத்தே, இல்ல மெய்வல்லுநர் போட்டி நிறைவுற்ற மாலையில், மண்டப வாயிலில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, ஒவ்வோர் இல்லமும் பெற்ற புள்ளிகளை அதில் எழுதுவது வழக்கம். மாணவர் அனைவரும் அதைச் சூழ்ந்துநின்று வாதிடுவோம். மாணவர் தொகை மிகுந்த இல்லம் முதலிடம் பெறும் என்று எண்ணினால் அவ்வாறு நிகழ்வதில்லை. விடுதி மாணவர் மிகுதியாயிருந்த இல்லமே பெரும்பாலும் முந்தி நின்றது. அதன் காரணம் அந்நாளில் எமக்கு விளங்கவில்லை. விடுதி மாணவர் அந்திதோறும் மைதானத்தில் ஓடினர். ஏனையோர் பேருந்தைப் பிடிக்க ஓடினர். இவ்வெளிய உண்மையை யானே ஆசிரியனாகி, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலையிலே பிள்ளைகளை ஓடவிடத் தலைப்பட்ட பின்னரே உணர்ந்தேன்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலக நாடுகள் அனைத்தும் கூடும் ஒலிம்பிக் விழா முடிவடையும்போதும் இத்தகைய கரும்பலகை ஒன்று எழுதப்படுகிறது. அதனையே பதக்கப் பட்டியல் என்கிறோம். அதில் இலங்கையின் பெயரைக் கீழிருந்து மேலாகத் தேடுவதும், காணாதவிடத்துப் பெருமூச்செறிந்து பத்திரிகையை மடித்து வைப்பதும் நமக்குப் பழகிப்போன செயல்கள். அப்பட்டியலை எவ்வாறு படித்தல் வேண்டும், அஃது எதனை அளக்கின்றது, எதனை அளப்பதில்லை என்பவற்றை ஈண்டு சிறிது ஆராய விழைகின்றேன். யான் உடற்கல்வி கற்பிக்கப் பயிற்சி பெற்றவனல்லன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எமது பாடசாலையில் வேறொருவர் இன்மையால் ஊதுகுழல் என் கழுத்திலே தொங்குகின்றது, அவ்வளவே.

பட்டியலைப் படிக்கும் முறை

‘பதக்கம்’ என்பது ஆதியில் கழுத்தணியின் நடுவே தொங்கும் அணிகலனைக் குறித்த சொல். இன்று அது வென்றவர் மார்பில் தொங்குகின்றது. பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் சேர்ந்த இவ்வணிகளை எண்ணும்போதே முதற் சிக்கல் தோன்றிவிடுகின்றது. 2019ஆம் ஆண்டு நேபாளத்தில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். நேபாளம் 51 தங்கத்துடன் மொத்தம் 206 பதக்கங்களைப் பெற்றது. இலங்கை 40 தங்கத்துடன் மொத்தம் 251 பதக்கங்களைப் பெற்றது. தங்கத்தை முதலில் எண்ணுவோர்க்கு நேபாளம் இரண்டாவது, இலங்கை மூன்றாவது. மொத்தத்தை எண்ணுவோர்க்கு இலங்கை இரண்டாவது. முதலிடத்தில் 174 தங்கத்துடன் இந்தியா நின்றதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. ஒரே விழா, ஒரே எண்கள், வரிசையோ இரண்டு. நாடுகளை இங்ஙனம் வரிசைப்படுத்துவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் சாசனமே தன் கடமையாகக் கொள்ளவில்லை என்பது மாணவர் அறியத்தக்கது. வரிசைப்படுத்துவோர் பத்திரிகையாளரும் நாமுமே.

இரண்டாவது சிக்கல், ஒரு பதக்கம் மற்றொரு பதக்கத்துக்கு ஒப்பாகாமை. ஹொக்கிக் குழுவினர் பதினாறு பேர் பல நாள் பல ஆட்டங்கள் ஆடி வென்றாலும் பட்டியலில் ஏறுவது ஒரே தங்கம். நீச்சல் வீரர் ஒருவரோ வெவ்வேறு தூரங்களிலும் வெவ்வேறு முறைகளிலும் நீந்தித் தனியொருவராகவே பல தங்கம் பெறலாம். அமெரிக்கரான மைக்கல் பெல்ப்ஸ் தம் வாழ்நாளில் 23 ஒலிம்பிக் தங்கங்களை வென்றார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பங்குபற்றிவரும் இந்தியா 2024 வரை வென்ற தங்கம் அனைத்தும் 10. அவற்றுள் 8 ஹொக்கியிற் கிடைத்தவை. நீச்சற் குளம் கட்ட வசதியுள்ள நாட்டுக்குப் பட்டியலே சற்றுச் சாய்ந்துகொடுக்கின்றது என்று இதனாற் கூறலாம்.

இனிச் சனத்தொகையை நோக்குவோம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜமைக்கா 6 பதக்கங்களைப் பெற்றது. இந்தியாவும் 6 பதக்கங்களையே பெற்றது. ஜமைக்காவின் சனத்தொகை ஏறத்தாழ 28 இலட்சம். இந்தியாவினது 140 கோடிக்கும் மேல். ஐந்நூறு ஜமைக்காக்களைச் சேர்த்தால் ஓர் இந்தியா! அதே விழாவில் பெண்களுக்கான 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஜூலியன் அல்பிரட், ஏறத்தாழ 1,80,000 மக்கள் வாழும் சென் லூசியா என்னும் கரிபியத் தீவினர். அத்தீவு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கமாயிற்று. ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களையுடைய கிரெனடா இரண்டு வெண்கலம் பெற்றது.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்துச் சிறு நாடுகளைப் புகழ்ந்து பெரு நாடுகளை இகழ்வோரும் உளர். அதுவும் முற்றும் நேர்மையன்று. மெய்வல்லுநர் போட்டியொன்றுக்கு ஒரு நாடு பெரும்பாலும் மூவரையே அனுப்பலாம். இந்தியாவில் ஐந்நூறு மடங்கு மக்கள் இருப்பினும் ஐந்நூறு மடங்கு ஓட்டக்காரர் தொடக்கக் கோட்டில் நிற்க இயலாது. கிரெனடாவில் ஒருவர் காலிடறி வீழ்ந்தால் அந்நாட்டின் சராசரி பாதியாகிவிடும். ஆயினும் வகுத்தற் கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது: உடல்வலிமை மக்கட்டொகைக்கேற்பப் பதக்கமாக மாறுவதில்லை. இடையிலே ஏதோவொன்று நிகழ வேண்டியிருக்கின்றது.

பணமும் அரசும் செய்தவை

அவ்விடைப்பட்டது பணமே என்பர் சிலர். அவர் கூற்றுக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டு மொன்றியலில் அவுஸ்திரேலியா ஒரு தங்கமேனும் பெறாது திரும்பியது. அந்நாட்டினர் அதைப் பெருங் குறையாகக் கருதினர். 1981இல் தலைநகர் கன்பராவில் தேசிய விளையாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடக்கினர். 2000ஆம் ஆண்டு தம் சொந்த நகராகிய சிட்னியிலே 16 தங்கம் உட்பட 58 பதக்கங்களை ஈட்டினர். பிரித்தானியா 1996இல் அற்லாண்டாவில் பெற்றது ஒரேயொரு தங்கம். அதன்பின் லொத்தர்ச் சீட்டு வருவாயில் ஒரு பகுதி விளையாட்டு வீரருக்கு ஒதுக்கப்பட்டது. 2016இல் ரியோ நகரில் 27 தங்கத்துடன் இரண்டாம் இடத்தை எய்தியது.

அரசு முழுமூச்சாய் முனைந்தால் என்னாகும் என்பதற்குக் கிழக்கு ஜேர்மனி அச்சந்தரும் சான்று. ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களையுடைய அந்நாடு 1976இல் 40 தங்கம் வென்று அமெரிக்காவையே பின்தள்ளியது. அந்த நாடு மறைந்தபின் வெளிவந்த ஆவணங்கள், வளரிளம் பெண்பிள்ளைகளுக்கு அவர்தம் பெற்றோரும் அறியா வண்ணம் ஊக்க மருந்துகள் ஊட்டப்பட்டதை உலகறியச் செய்தன. அவர்களுட் பலர் பிற்காலத்தில் நோயால் வருந்தினர். பட்டியலில் அந்த 40 என்னும் எண் இன்றும் அழியாது நிற்கின்றது. பட்டியல் எதனை அளப்பதில்லை என்று கேட்கும் மாணவர்க்கு யான் முதலிற் காட்டுவது அவ்வெண்ணையே.

மைதானத்தின் தரையும் முடிவை மாற்றுகின்றது. 1928 முதல் 1956 வரை ஹொக்கியில் தொடர்ந்து ஆறு முறை தங்கம் வென்ற நாடு இந்தியா. 1976இல் ஒலிம்பிக் ஹொக்கி புற்றரையினின்று செயற்கைத் தரைக்கு மாறியது. அவ்வாண்டு இந்தியா ஏழாமிடத்துக்கு இறங்கியது. பல நாடுகள் புறக்கணித்த 1980 மொஸ்கோ விழாவில் மீண்டும் தங்கம் கிடைத்தது. அதன்பின் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் கிடைக்கும்வரை 41 ஆண்டுகள் வெறுங்கையே. அத்தரையை விரிக்கப் பெரும்பொருள் வேண்டும். ஊர்தோறும் புல்லிலும் மண்ணிலும் பழகிய பிள்ளைகள் அத்தரையைக் கண்ணாலும் காணாதிருந்தனர். சரிவுக்குப் பிற காரணங்களும் கூறப்படுவதுண்டு. எனினும் தரையின் பங்கு சிறிதன்று.

உயரம் பாய்தலிலும் இஃதே கதை. இன்று உலகெங்கும் வீரர் முதுகு கீழாகப் பாய்கின்றனர். 1968இல் மெக்சிக்கோவில் அமெரிக்கரான டிக் பொஸ்பெரி அம்முறையிற் பாய்ந்து தங்கம் வென்ற பின்னரே அது பரவிற்று. முதுகும் கழுத்தும் கீழாக விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும். மணற்குழியில் அவ்வாறு வீழ்பவன் மறுநாள் எழமாட்டான். எமது பாடசாலையில் மெத்தையில்லை. ஆதலின் எம் பிள்ளைகள் இன்றும் கத்தரிக்கோல் முறையிலேயே கால்மாற்றிப் பாய்கின்றனர். அவர்கள் வலயப் போட்டிக்குச் சென்று மெத்தையைக் காணும்போது முதலில் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்க்க விரும்புகின்றனரேயன்றிக் கம்பத்தை நோக்குவதில்லை. யான் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை.

இலங்கையின் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948இல் இலண்டனில் முதன்முறையாகப் பங்குபற்றிய இலங்கை, அவ்விழாவிலேயே வெள்ளிப் பதக்கம் பெற்றது. கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி இரண்டாமிடத்தை எய்தினார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. இன்றுவரை இரண்டு வெள்ளிகளே நம் மொத்த இருப்பு.

ஆசிய விழாக்களில் நம் நிலை சற்று மேலானது. 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களைத் தமிழர் எவரும் மறவார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராகிய அவர் 1952இல் ஹெல்சிங்கிக்குச் சென்றபோது பதினெட்டு வயதும் நிரம்பாதவர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார். பொஸ்பெரியின் மெத்தைக் காலத்துக்குப் பத்தாண்டு முற்பட்டது அவர் வென்ற தங்கம் என்பதை நினைவிற் கொள்க. 1998இல் பாங்கொக்கில் சுகத் திலகரத்ன ஒன்றும் தமயந்தி தர்ஷா இரண்டுமாக மூன்று தங்கம் வந்தன. 2002இல் பூசானில் சுசந்திகாவும் தர்ஷாவும் ஆளுக்கொன்று வென்றனர். அதன்பின் மெய்வல்லுநர் துறையில் அடுத்த தங்கம் 2023இல் ஹாங்சோவில் 800 மீற்றர் ஓடிய தருஷி கருணாரத்னவினால்தான் கிடைத்தது. அவர் அப்போது பாடசாலைப் பருவத்தைத் தாண்டாதவர். எதிர்வீரசிங்கமும் தருஷியும் பாடசாலை மைதானத்தில் உருவானவர்கள் என்பதை ஈண்டுக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன்.

சுசந்திகா ஜயசிங்கவைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் அவர் எமது மாகாணத்தவர். கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள சிற்றூரில் 1975இற் பிறந்தவர். தந்தையார் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துச் சாரதி. தாயார் இறப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர். இவ்விரண்டாவது செய்தியை யான் வகுப்பிற் கூறியபோது பிள்ளைகள் நம்பவில்லை. “எங்கள் அம்மா மாதிரியா, ஐயா?” என்று ஒருத்தி கேட்டாள். விடியுமுன் எழுந்து, மரந்தோறும் பட்டை சீவிச் சிரட்டை வைத்து, வெயிலேறுமுன் பால் சேர்த்து வாளியுடன் இறங்கிவரும் தாய்மாரையே அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அத்தகைய வேலைத்தலத்துக்கும் சிட்னி மைதானத்துக்கும் இடையே ஒரு வழி உண்டென்று அவர்களுக்கு அதற்குமுன் எவரும் சொல்லியிருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி நடைபெற்ற 200 மீற்றர் இறுதியோட்டத்தில் சுசந்திகா 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் பகாமாஸ் தீவினரான போலின் டேவிஸ், நேரம் 22.27. நூற்றிலொரு செக்கன் வேறுபாடு! முதலாவதாக வந்த அமெரிக்கரான மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டமையால் அவர் பதக்கம் பறிக்கப்பட்டது. போலின் டேவிசுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் நான்காவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலமும் உரியவாயின.

அவ்வோட்டத்தின் திருத்திய முடிவை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பகாமாஸ், இலங்கை, ஜமைக்கா. மூன்றும் தீவு நாடுகள். மூன்றும் ஒரு காலத்தில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்தவை. மூன்றிலும் வெப்பம் ஒன்று. தோட்டப் பயிர்ச்செய்கையின் வரலாறும் ஒன்று. மூன்றிலும் சனத்தொகை மிகுந்தது இலங்கையே. எனினும் பகாமாசும் ஜமைக்காவும் அதற்கு முன்னும் பின்னும் பல விழாக்களுக்கு ஓட்டக்காரரை அனுப்பிப் பதக்கம் ஈட்டியுள்ளன. நமக்கு ஒரு சுசந்திகா, அவருக்குப்பின் வெற்றிடம். வேறுபாடு குருதியிலன்று, வெயிலிலன்று. பின் எதில்?

ஜமைக்காவும் இத்தென்னும் ஊரும்

ஜமைக்காவில் 1910 முதல் பாடசாலைகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. நம் நாட்டில் பெரும் பாடசாலைகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு மக்கள் திரளுவதுபோல் அங்கு இப்பிள்ளைகளின் ஓட்டத்துக்குத் திரளுகின்றனர். யுசெய்ன் போல்ற்றும் அப்போட்டியில் ஓடி வளர்ந்தவரே. அது பாதி விளக்கம். மறுபாதியைப் பலர் கூறுவதில்லை. 1980இல் கியூபா நாட்டின் நன்கொடையாக அங்கு ஜி. சி. பொஸ்டர் கல்லூரி அமைந்தது. அது வீரரை உருவாக்கும் கல்லூரியன்று. உடற்கல்வி ஆசிரியரையும் பயிற்றுநரையும் உருவாக்கும் கல்லூரி. அதில் பயின்று வெளியேறுவோர் நாடெங்கும் பாடசாலைகளில் கற்பிக்கின்றனர். ஆகவே அத்தீவில் விரைவாக ஓடும் பிள்ளையொன்று பயிற்சி பெற்ற கண்ணிற் படாமல் வளர்ந்துவிடுதல் அரிது. நூறு ஓட்டப் பாதைகளை அமைப்பதிலும் நூறு ஆசிரியரைப் பயிற்றுவது மேலென அந்நாடு கண்டது போலும். ஆசிரியன் கூறுவதாதலின் இதிற் சிறிது தற்சார்பு இருக்கலாம், வாசகர் பொறுத்தருள்க.

கென்யாவின் செய்தி எம்மனோர்க்கு இன்னும் நெருங்கியது. பாரிசில் அந்நாடு பெற்ற 11 பதக்கங்களும் மெய்வல்லுநர் போட்டிகளிலேயே கிடைத்தவை. மலைநாட்டின் காற்றும் உயரமும் அதற்குக் காரணமென்பர். உயரம் உதவுகின்றது என்பதை மறுப்பாரில்லை. ஆயின் அந்நாட்டின் புகழ்பெற்ற நீள்தூர ஓட்டக்காரர் பலர் பிறந்த நந்தி மலைப்பகுதி தேயிலை விளையும் நிலம். நம் மலையகத்தை ஒத்த சரிவுகள், கொழுந்து பறிக்கும் கைகள், மண்வீதியில் நடந்தும் ஓடியும் பாடசாலை செல்லும் பிள்ளைகள். உயரமும் தேயிலையுமே போதுமாயின் நுவரெலியாவிலும் மரதன் வீரர் மலிந்திருத்தல் வேண்டும்.

கென்யாவின் இத்தென் என்னும் ஊரிலுள்ள புனித பத்திரிசியார் பாடசாலைக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து சகோதரர் கொல்ம் ஓகொனல் என்னும் துறவி புவியியல் கற்பிக்க வந்தார். அவர் ஓட்டப் பயிற்சியில் எத்தகுதியும் பெற்றிருந்தவரல்லர். பாடசாலையில் ஓடும் பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் பொறுப்பு அவர்பால் வந்தது. அவர் பார்த்தார், குறித்துவைத்தார், பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றார். ஆண்டுகள் பல கழிந்தன. அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012இல் இலண்டனில் 800 மீற்றரை 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் வென்றார். புவியியல் ஆசிரியர் ஒருவருக்கு இயன்றது தமிழாசிரியனுக்கு ஏன் இயலாது என்று கேட்கத் தோன்றும். யானும் கேட்டுக்கொண்டதுண்டு. அதற்கு விடையாக என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை மறையாது கூறிவிடுகின்றேன்.

எம் பாடசாலையில் நிகழ்ந்தது

எமக்கு மைதானம் இல்லை. தோட்டத்துப் பெரட்டுக் களமே மைதானம். அதுவும் வேலையாட்கள் பெரட்டுக் கலைந்து மலைக்கும் காட்டுக்கும் சென்ற பின்னரே எமக்குக் கிட்டும். மூலைக்கு மூலை அளந்தால் எண்பது மீற்றர். நூறு மீற்றர் ஓட வேண்டுமாயின் கடைசி இருபதை இறப்பர் ஸ்டோருக்குச் செல்லும் சாய்வுப் பாதையில் ஓட வேண்டும். சப்பிரகமுவ மழையைப் பற்றி இம்மலரின் வாசகர்க்குக் கூற வேண்டியதில்லை. ஆண்டிற் பாதி நாள் அக்களம் சேறு.

சில ஆண்டுகளுக்கு முன், லயத்துப் பிள்ளையொருத்தி வெறுங்காலுடன் அக்களத்தில் ஓடிப் பழகி, வலயப் போட்டியில் 200 மீற்றரில் முதலாவதாக வந்தாள். வளைவில் ஓடுவது அவளுக்கு அன்றே முதன்முறை. எண்பது மீற்றர்க் களத்தில் வளைவு எங்கிருந்து வரும்? ஆணிச் சப்பாத்து அணிந்த பிள்ளைகள் ஐவரை அவள் கடந்துவந்ததை யான் கண்ணீர் மல்க நோக்கினேன். அடுத்தது மாகாணப் போட்டி. வயதுப் பிரிவை உறுதிசெய்யப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டுமென்றனர். வீட்டிலிருந்த பத்திரத்தில் அவள் பெயர் பாடசாலைப் பதிவிலிருந்ததினும் வேறாக எழுதப்பட்டிருந்தது. ‘ழ’ ஒன்று ‘ல’ ஆகியிருந்தது. தந்தை பெயரிலும் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. பிறமொழி எழுத்தர் செவிவழி கேட்டு எழுதிய தோட்டப் பிள்ளைகளின் பெயர்களில் இஃது அரிய நிகழ்ச்சியன்று. திருத்தம் பெற நாள் வேண்டும். தாய் ஒருநாட் சம்பளத்தை இழக்க வேண்டும். இரு பேருந்து மாறிச் செல்ல வேண்டும். போட்டியோ ஐந்து நாளில். அவள் போகவில்லை.

அதிகாரிகளைக் குறைகூறுவது எளிது. அவர்கள் விதியைக் கூறினர். விதி எல்லோர்க்கும் ஒன்றே. ‘ழ’கரத்தின் ஒலிப்பை ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் கற்பிக்கும் யான், அவள் பெயரிலுள்ள ‘ழ’கரத்தை ஓர் ஆண்டு முன்னரே பார்த்திருத்தல் வேண்டும். ஓட்டத்தைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்த்திலேன். மறு ஆண்டு அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதி, ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சென்றுவிட்டாள். மாகாண மைதானத்தில் அவள் வென்றிருப்பாள் என்று யான் கூறமாட்டேன். தோற்றிருக்கலாம். தோற்பதற்குரிய வாய்ப்பும் அவளுக்குக் கிட்டவில்லை என்பதே என் வருத்தம்.

பாரிசுக்கு இலங்கை அனுப்பிய வீரர் அறுவர். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் அறுவர் தாமா வல்லவர் என்று வினவுவோர், வலயத்திலிருந்து மாகாணத்துக்கும் மாகாணத்திலிருந்து தேசிய மட்டத்துக்கும் செல்லும் வழியில் எத்தனை பிள்ளைகள் எவ்வெக் காரணத்தால் நின்றுவிட்டனர் என்பதையும் வினவுதல் வேண்டும். அவர்கள் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

சடுகுடு தரும் செய்தி

முடிக்குமுன் ஒன்று. நம் சடுகுடு, கபடி என்னும் பெயரில் 1990 முதல் ஆசிய விழாவில் இடம்பெற்று வருகின்றது. அன்றுமுதல் 2014 வரை ஆண்கள் தங்கத்தை இந்தியாவே தொடர்ந்து பெற்றது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரான் ஆண்கள் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் தங்கம் வென்று அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஈரானியப் பெண்களைப் பயிற்றியவர் சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணி. ஒரு நாட்டின் ஆட்டத்தை மற்றொரு நாடு ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கற்றுக்கொள்ள இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யான் அறியேன். அன்றியும் அவ்வாட்டத்துக்குச் சப்பாத்து வேண்டா, நீண்ட பாதை வேண்டா. பெரட்டுக் களம் போதும். இரு ஆண்டுகளாக எம் பாடசாலைப் பெண்பிள்ளைகள் அதனை ஆடி வருகின்றனர். வலயத்தில் இரண்டாம் சுற்றிலே தோற்றனர். திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் பாட்டுத்தான்.

இவ்வாண்டு முதற் றவணை தொடங்கிய வாரத்தில், பிள்ளைகளை ஓடவிடுமுன், ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவரச் செய்தேன். பதினேழு பத்திரங்களைப் பாடசாலைப் பதிவேட்டுடன் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கினேன். நான்கில் பெயர் மாறியிருந்தது. அவற்றுள் இரண்டு திருத்தம்பெற்று வந்துவிட்டன. மற்றை இரண்டின் பொருட்டு வரும் செவ்வாயன்று இரு தாய்மாருடன் கேகாலைக்குச் செல்லவிருக்கின்றேன்.